கல்லு வைக்கப் பழகிறவங்களுக்கு: சீட் வெட்டுறதில இருந்து கடைசித் தள்ளு வரைக்கும்

போன மாசம் வெள்ளவத்தையில இருந்து ஒரு அக்கா வந்தவ, டிஷ்யூவில சுத்தின ஒரு மோதிரத்தோட. விரிச்சுப் பாத்தா நாலு பல்லும், அதாவது கல்லைப் பிடிக்கிற சின்ன உலோகக் கால்களும், முறியாம வடிவா இருக்கு, நடுவில இருந்த நீலக்கல்லு மட்டும் இல்ல. எங்க விழுந்தது எண்டு அவவுக்குத் தெரியாது, பஸ்ஸிலயா சந்தையிலயா எண்டு யோசிச்சு யோசிச்சு அழுறா, அவவின்ட அம்மா குடுத்த கல்லாம். நான் லூப் (நகை வேலைக்காரர்ட பூதக்கண்ணாடி) போட்டுப் பாத்தன். நாலு பல்லில ரெண்டிலதான் கல்லு உக்கார வெட்டு, அதாவது சீட், இருக்கு, மற்ற ரெண்டிலயும் பல்லைச் சும்மா கல்லுக்கு மேல மடிச்சு விட்டிருக்காங்க. வெளியில பாக்க ஒரு குறையும் தெரியாது. ஆனா அந்தக் கல்லு வைச்ச நாளில இருந்தே ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அதனாலதான் இதை எழுதோணும் எண்டு நினைச்சன். இப்ப கன பிள்ளைகள் வீட்டில இருந்தே வெள்ளி நகை செய்யப் பழகுறாங்க, பத்தவைக்கிறது, அரம் போடுறது, பாலிஷ் எல்லாம் நல்லா வருது, கல்லு வைக்கிற இடத்துக்கு வந்த உடனே பல்லு வைச்ச ரெடிமேட் கப் வாங்கி, கல்லைப் போட்டு, குறட்டால அமத்திவிட்டுப் போறாங்க. நான் செட்டியார் தெருவுக்குப் பின்னால ஒரு சின்னப் பட்டறையில என்ட மாமாகிட்டத்தான் பழகினன். முதல் ஆறு மாசம் கல்லைத் தொட விடேல்ல, பித்தளைத் தகட்டில சீட் வெட்டு, காட்டு, திரும்ப வெட்டு, இதுதான் வேலை. அப்ப கோவம் வந்தது உண்மை. இப்ப நான் யாருக்குச் சொல்லிக்குடுத்தாலும் அங்க இருந்துதான் துவங்குறன்.

முதல்ல கல்லை அறிஞ்சுகொள்ளுங்க. கல்லுக்கு மேல ஒரு தட்டையான முகம் இருக்கு, அதுதான் டேபிள். அகலமான இடத்தில சுத்திவர ஒரு மெல்லிய விளிம்பு ஓடும், கேர்டில் எண்டு சொல்லுவாங்க, நான் இடுப்பு எண்டே சொல்லுறன். இடுப்புக்குக் கீழ இருக்கிறது வயிறு. சீட் எண்டா இடுப்பும் வயித்தின்ட மேல் பகுதியும் உலோகத்தில போய்க் குந்துற இடம். வெளிநாட்டு மெஷின் கட் கல்லு எண்டா எல்லாம் ஒரே அளவு, ஒரே சரிவு, ஒரு பர்ரால (சுத்திச் சுத்தி உலோகத்தை வெட்டுற சின்ன முனை) எல்லாத்தையும் வெட்டிப்போட்டுப் போகலாம். எங்கட இரத்தினபுரி, பேருவளைக் கல்லுகள் அப்படி இல்ல. எடை குறையக்கூடாது எண்டு வயித்தை ஆழமா, பானை மாதிரி விட்டு வெட்டியிருப்பாங்க, அதுவும் கன நேரம் ஒரு பக்கம் கூட ஒரு பக்கம் குறைய, இடுப்பும் ஒரு இடத்தில மொத்தம் ஒரு இடத்தில பிளேட் மாதிரி மெல்லிசு. அப்ப ஒவ்வொரு பல்லிலயும் ஒவ்வொரு மாதிரி வெட்ட வேண்டி வரும். யூடியூப் வீடியோ பாத்துப் பழகினவங்க எங்கட கல்லைக் கையில எடுத்த உடனே குழம்புறது இங்கதான்.

அடுத்தது கடினம். மோஸ் அளவில (கீறல் தாங்கிறதைப் பாத்து 1 இல இருந்து 10 வரைக்கும் குடுக்கிற நம்பர்) வைரம் 10, நீலம், மாணிக்கம், புஷ்பராகம் மூண்டும் ஒரே கல்லுக் குடும்பம், 9. வைடூரியம் 8.5, ஸ்பினெல் 8, மரகதம் 7.5 இல இருந்து 8, கோமேதகம் 7 சுத்தி, சந்திரகாந்தக்கல் 6 இல இருந்து 6.5, பவளமும் முத்தும் 4 அளவிலயும் அதுக்குக் கீழயும்தான். ஆனா இந்த நம்பரை மட்டும் பாத்து ஏமாறாதீங்க, கடினம் வேற, உடையாத தன்மை வேற. மரகதத்துக்குள்ள இயற்கையாவே வெடிப்புகள் ஓடும், ஒரு பக்கம் கொஞ்சம் கூட அமத்தினா போச்சு. மாத்தறை வைரம் எண்டு பழைய ஆக்கள் சொல்லுற வெள்ளைச் சிர்கோன் 7.5 கிட்ட வரும், ஆனா முகங்களின்ட ஓரம் சின்னச் சின்னதா நொறுங்கும். மீட்டியாகொடையில தோண்டுற சந்திரகாந்தக்கல் ரெண்டு திசையில பலகை மாதிரிப் பிளக்கும். நான் முதல் முதல் உடைச்சது சந்திரகாந்தக்கல்தான். சீட்டில ஒரு தூள் உலோகம் ஒட்டியிருந்தது எனக்குத் தெரியேல்ல, மேல இருந்து அமத்தினன், ‘டிக்’ எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். கஸ்டமர்ட கல்லு. அந்தச் சத்தம் இப்பவும் காதில இருக்கு. அண்டைக்குப் பிறகு ஒவ்வொரு கல்லு வைக்க முன்னமும் சீட்டைப் பிரஷ்ஷால துடைச்சு, ஊதி, லூப்பால பாத்துப்போட்டுத்தான் வைக்கிறது.

வேலையைத் துவங்க முன்னம் இன்னொரு விஷயம், கல்லு என்ன கல்லு எண்டு தெரியாம கை வைக்காதீங்க. மாணிக்கம் எண்டு சொல்லிக்கொண்டு வாறதில ஈயக் கண்ணாடி நிரப்பினதும் வருது, அதுக்கு நெருப்பும் கூடாது அசிட்டும் கூடாது, தேசிக்காய்ச் சாறு பட்டாலே கண்ணாடி அரிச்சு உள்ளுக்கு வெடிப்பு வெளியில தெரிய வந்துடும். பிறகு நீங்கதான் பழுதாக்கினது எண்டு பேர். சந்தேகம் எண்டா தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின்ட லேபில குடுத்து ரிப்போட் எடுக்கச் சொல்லுங்க. வாங்கேக்கையே கஸ்டமருக்கு முன்னால லூப்பால பாத்து, இடுப்பில ஏற்கனவே உடைவு இருந்தா அவருக்கும் காட்டி, பில்லில எழுதி வையுங்க. போன்ல ஒரு போட்டோவும் எடுத்து வையுங்க.

சாமான் கனக்கத் தேவையில்ல. பத்து மடங்கு லூப் ஒண்டு, கலிப்பர், கூரான கவராயம், மோட்டரும் சில பர்ரும் (உருண்டை பர், ரெண்டு பக்கமும் சரிஞ்சு நடுவில கூரா வாற ஹார்ட் பர், கப் பர்), பல்லுத் தள்ளுற புஷர், பெசலை (கல்லைச் சுத்தி வாற சுவர்) மடிக்கிற ரோக்கர், உலோகத்தை அமத்தி மினுக்கிற பர்னிஷர், கூரான உளி ரெண்டு, கல்லைத் தூக்க ஒரு துண்டு தேன்மெழுகு, நகையைப் பிடிக்க அரக்கு அல்லது மரக் கிளாம்ப். 2022 இல கரண்ட் மணித்தியாலக் கணக்கில கட் ஆன நேரம் நாங்க மோட்டரைத் தொடேல்ல, பர்ரைக் கைப்பிடியில மாட்டி விரலால சுத்திச் சுத்தித்தான் சீட் வெட்டினம். மெதுவாத்தான் போச்சு, ஆனா அந்த நாட்களில ஒரு கல்லும் உடையேல்ல. பழகிறவங்க முதல்ல ரெண்டு கிழமை கையாலயே வெட்டிப் பாருங்க, உலோகம் எவ்வளவு குடுக்குது எண்டு விரலுக்குத் தெரிய வரும்.

சரி, பல்லு வைச்ச செட்டிங்குக்கு வருவம், அதுதான் கூடத் தேவைப்படுறதும் கூடப் பிழைக்கிறதும். பழக 6 எம்எம் வட்ட சீஸெட் (செயற்கைக் கல்லு) ஒண்டும் நாலு பல்லு வெள்ளிக் கப் ஒண்டும் எடுங்க. கல்லைப் பல்லுகளுக்கு மேல வைச்சு நேரா மேல இருந்து பாருங்க. கல்லின்ட விளிம்பு ஒவ்வொரு பல்லின்டயும் பாதி மொத்தம் வரைக்கும் வந்தா அளவு சரி. முழுப் பல்லையும் மூடினா கப் சின்னன். பல்லுகளுக்கு இடையில கல்லு விழுந்து போச்சு எண்டா கப் பெரிசு, அதைப் போட்டு இறுக்கலாம் எண்டு நினைக்க வேண்டாம், வேற கப் எடுங்க. பிறகு கவராயத்தை ஒரே அளவில வைச்சு நாலு பல்லிலயும் உள்பக்கம் ஒரு கோடு கீறுங்க, கல்லின்ட கீழ்க் கூர் மோதிரத்தின்ட உள்வட்டத்தைத் தாண்டி விரலில குத்தாத உயரமா அது இருக்கோணும். எங்கட ஆழமான வயித்துக் கல்லுக்கு இதை முதலே அளக்காட்டி எல்லாம் முடிஞ்ச பிறகு விரல் போகாது.

அந்தக் கோட்டில ஹார்ட் பர்ரால வெட்டுங்க. பர்ரில கொஞ்சம் தேன்மெழுகு தடவி, மெதுவான ஸ்பீட்டில, கை ரெண்டும் ஒண்டோட ஒண்டு முட்டி நிக்கிற மாதிரி வைச்சு. ஆழம் பல்லின்ட மொத்தத்தில மூண்டில ஒரு பங்கு போதும், பாதியைத் தாண்டவே கூடாது. 1 எம்எம் பல்லு எண்டா 0.3, மிஞ்சிப்போனா 0.4. கூட வெட்டினா மடிக்கேக்க பல்லு அந்த இடத்தில முறியும், இல்லாட்டி முறியாம ரெண்டு வருசம் இருந்து ஷொப்பிங் பையின்ட கைபிடியில மாட்டுப்பட்டு முறியும். குறைய வெட்டினா, இல்லாட்டி வெட்டாமலே விட்டா கல்லு வழுக்கும், வெள்ளவத்தை அக்காட மோதிரத்துக்கு நடந்தது அதுதான். வெட்டின பிறகு சீட்டை மார்க்கர் பேனையால கறுப்பாக்கி, கல்லைத் தேன்மெழுகில தூக்கி வைச்சு, சின்னதா அசைச்சு எடுத்துப் பாருங்க. எங்க மை போயிருக்கோ அங்கதான் கல்லு முட்டுது. நாலு இடத்திலயும் ஒரே மாதிரி மை போகுமட்டும் உளியால கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. இந்த இடத்தில அரை மணித்தியாலம் போனாலும் பரவாயில்ல. கல்லு ஒரு பல்லிலயும் தொங்காம, கிண்ணத்தில தண்ணி நிக்கிற மாதிரி மட்டமா, கை எடுத்தாலும் தானா நிக்கோணும். ஒரு விரலால கல்லை அமத்தினா மற்றப் பக்கம் எழும்புது எண்டா சீட் இன்னும் சரியில்ல, பல்லை மடிச்சா சரிவரும் எண்டு யாரும் சொன்னா கேக்காதீங்க, மடிக்கேக்க அந்த ஆட்டம்தான் கல்லை உடைக்கிறது.

மடிக்கிறது எதிர் எதிராத்தான். கார் டயர் நட்டு இறுக்கிற மாதிரி, ஒரு பல்லைக் கொஞ்சம், அதுக்கு எதிர்ப்பல்லைக் கொஞ்சம், பிறகு மற்ற ரெண்டையும். ஒரேயடியா ஒண்டை முழுசா மடிச்சா கல்லு சரிஞ்சு போகும். புஷர் கல்லில படாம பல்லின்ட முதுகில நிக்கோணும், தள்ளு கையால இல்லாம தோளில இருந்து வரோணும், மாமா எப்பவும் சொல்லுறது இது. நாலும் படிஞ்ச பிறகு நுனியை அளவா வெட்டி, ஒரு பக்கம் பல்லு இல்லாத அரத்தால ஓரம் எடுத்து, கப் பர்ரால உருட்டி விடுங்க. சீலையில மாட்டுப்படுதா எண்டு பாக்க ஒரு துண்டு பஞ்சை மேல தேய்ச்சுப் பாருங்க, ஒரு நூல் பிடிச்சாலும் அந்தப் பல்லுக்குக் கீழ இடைவெளி இருக்கு. கடைசியா மோதிரத்தைக் காதுக்குக் கிட்ட வைச்சு விரலால தட்டுங்க. ஆடுற கல்லு சின்னதா ஒரு சத்தம் குடுக்கும், கண்ணுக்குத் தெரியாதது காதுக்குக் கேக்கும்.

சாண்ட் பேப்பர் விஷயத்தில கவனம். கறுப்புத் தாளில இருக்கிறது சிலிக்கன் கார்பைட், அது நீலக்கல்லை விடக் கடினம். கல்லு வைச்ச பிறகு பல்லைத் தேய்க்கிறம் எண்டு கல்லையும் சேத்துத் தேய்ச்சா ஓரம் மங்கிப் போகும், திரும்பக் கல்லு வெட்டுறவரிட்டத்தான் போகோணும். தேய்க்கிறது எல்லாம் கல்லு வைக்க முன்னமே முடிச்சு வையுங்க. சதுரக் கல்லு, பேரிக்காய் மாதிரிக் கூரான கல்லு எண்டா கூருக்கு சாதாரணப் பல்லு போடாதீங்க, வி மாதிரி ரெண்டு பக்கமும் அணைக்கிற பல்லுப் போட்டு, அந்த மூலைக்குக் கீழ உருண்டை பர்ரால ஒரு சின்னக் குழி எடுத்து விடுங்க, கூர் உலோகத்தில முட்டாம காத்தில நிக்கட்டும். கூர் முட்டினா அங்கதான் முதல் உடையும்.

இங்க எல்லாருக்கும் 22 கரட் தான் வேணும், தங்கம் எண்டா 22 எண்டு மனசில பதிஞ்சு போச்சு. ஆனா 22 மெத்து, மெல்லிய பல்லு வைச்சா ஒரு வருசத்தில தானா விரியும். தினமும் போடுற மோதிரத்துக்குப் பல்லு எண்டா 18 கரட்டில கப்பைச் செய்யுங்கோ எண்டு நான் கஸ்டமருக்கு விளங்கப்படுத்துறன், ஏலாது 22 தான் எண்டா பெசல் போடச் சொல்லுறன். அந்த மெத்து பெசலுக்கு வரம், கல்லைச் சுத்தி வெண்ணெய் மாதிரிப் படியும்.

பெசல் எண்டா கல்லைச் சுத்தி ஒரு சுவர். வட்டக் கல்லுக்குத் தகட்டு நீளம் கண்டுபிடிக்கிறது லேசு, கல்லின்ட குறுக்களவோட தகட்டின்ட மொத்தத்தைக் கூட்டி 3.14 ஆல பெருக்குங்க. 8 எம்எம் கல்லு, 0.3 எம்எம் தகடு எண்டா 8.3 ஐப் பெருக்க 26.1 எம்எம் வரும். முட்டை வடிவக் கல்லு 10க்கு 8 எண்டா சராசரி 9, அதோட 0.3, பெருக்கினா 29.2 கிட்ட. கொஞ்சம் சின்னதா வந்தா பரவாயில்ல, உருட்டுத்தடியில தட்டிப் பெருப்பிக்கலாம், பெரிசா வந்தா வெட்டித் திரும்பப் பத்தவைக்க வேணும். சுவரின்ட மூட்டை ஹார்ட் சோல்டராலயும் (கூடச் சூட்டில உருகிற பத்து), பிறகு அடித் தகட்டோட சேக்கிறதை மீடியத்தாலயும் (அதை விடக் குறைஞ்ச சூட்டில உருகிறது) பத்தவையுங்க, இல்லாட்டி ரெண்டாவது சூட்டில முதல் மூட்டு விட்டுப் போகும். சுவர் உயரம் கல்லின்ட வளைவு உள்ளுக்குத் திரும்பத் துவங்கிற இடத்தைக் கொஞ்சம் தாண்டினாப் போதும். கூட உயரமா விட்டா மடிக்கேக்க சுருங்கிச் சுருங்கி மடிப்பு விழும், கல்லும் மறைஞ்சு போகும். கல்லைப் போட்டுப் பாக்கேக்க கீழ ஒரு நூலை விட்டுப் போடுங்க, இறுகினா இழுத்து எடுக்க. மடிக்கிறது மணிக்கூட்டில 12, 6, 3, 9 எண்டு, பிறகு இடைப்பட்ட இடங்கள். சதுரக் கல்லு எண்டா மூலையை முதல் முடிச்சுப்போட்டுத்தான் பக்கத்துக்கு வாறது, பக்கத்தை முதல் மடிச்சா மூலையில மிஞ்சின உலோகம் போக வழியில்லாமப் போகும். கடைசியா பர்னிஷரால சுத்தி அமத்தினா ஓரம் கண்ணாடி மாதிரி வரும்.

வைடூரியம் வைக்கேக்க கடைசி அமத்தலுக்கு முன்னம் லைட் எல்லாத்தையும் அணைச்சுப்போட்டு ஒரே ஒரு டோர்ச்சை மேல பிடியுங்க. கல்லுக்கு மேல பூனைக்கண் மாதிரித் தெரியிற அந்த வெள்ளைக் கோடு நேரா நடுவால ஓடோணும். சாய்ஞ்சிருந்தா அப்பவே கல்லைத் திருப்புங்க, மடிச்ச பிறகு ஒண்டும் செய்ய ஏலாது. நட்சத்திர நீலமும் இப்படித்தான், ஆறு கதிரும் சேருற புள்ளி உச்சியில நிக்கோணும். அளவெல்லாம் சரியா வைச்சும் கோடு கோணலா நிக்கிற மோதிரத்தைப் பாத்தா எனக்கு மனசு சரியில்லாமப் போகும், அந்தக் கல்லுக்கு இருக்கிற ஒரே அழகு அதுதானே.

சாத்திரத்துக்குப் போடுற ஆக்கள் கல்லு தோலில முட்டோணும் எண்டு கேப்பாங்க. அப்ப அடியைத் திறந்து, உள்ளுக்கு ஒரு விளிம்பு மட்டும் விட்டு அதில கல்லை இருத்துங்க. திறந்த அடியில சவர்க்காரமும் எண்ணெயும் போய்ச் சேரும், மெத்துப் பிரஷ்ஷால கழுவச் சொல்லி விடுங்க. இதிலயும் ஆகக் கஷ்டம் நவரத்தின மோதிரம். ஒரே தகட்டில 10 கடினமான வைரமும் இருக்கு 3, 4 கடினமான பவளமும் முத்தும் இருக்கு. நான் வைரம், மாணிக்கம், நீலம், புஷ்பராகம் எல்லாத்தையும் முதல் வைச்சு, பிறகு வைடூரியம், கோமேதகம், அதுக்குப் பிறகு மரகதம், எல்லாம் முடிஞ்சு கழுவிக் காஞ்ச பிறகு கடைசியாத்தான் பவளமும் முத்தும். அரமோ பர்ரோ வழுக்கினா மெத்துக் கல்லு அங்க இருக்கக்கூடாது, அதுதான் காரணம். பவளத்தையும் முத்தையும் அசிட்டில போட்டாக் கரையும், அல்ட்ராசோனிக் மெஷினில போடக்கூடாது, எண்ணெய் ஊட்டின மரகதமும் அந்த மெஷினுக்கு ஆகாது.

ஃபிளஷ் செட்டிங் ஆம்பிளை மோதிரத்துக்கு நல்லம், கல்லு உலோகத்தோட மட்டமா நிக்கும், ஒண்டிலயும் மாட்டாது. கல்லை விடச் சின்னத் துளை போட்டு, கல்லின்ட அதே அளவு பர்ரால சீட் எடுத்து, டேபிள் மேற்பரப்போட மட்டமா வாற ஆழத்தில நிப்பாட்டி, கல்லைத் தட்டி இறக்கி, பர்னிஷர் நுனியால ஓரத்தைச் சுத்தி அமத்தி விடுறது. 2, 3 எம்எம் நீலம், வைரத்துக்குச் சரி, சந்திரகாந்தக்கல்லுக்கும் மரகதத்துக்கும் வேண்டாம். சனல் செட்டிங்கில ரெண்டு சுவருக்கு நடுவில கல்லை வரிசையா அடுக்கிறது, கல்லுகள் ஒரே அளவா இருக்கோணும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில ஒரு மயிர் அளவு இடம் விடுங்க, முட்டினா ஒண்டை ஒண்டு உடைக்கும், பிறகு மோதிரத்தின்ட சைஸையும் இலகுவா மாத்த ஏலாது. பாவே எண்டு நெருக்கி நெருக்கிச் சின்னக் கல்லு வைக்கிறது உளி நல்லாப் பழகி, மைக்ரோஸ்கோப் ஒண்டும் வாங்கின பிறகு பாருங்க, அது தனி வேலை.

நெருப்பைப் பத்தி ஒரு வார்த்தை. எங்கட நீலக்கல்லைப் பெரிய சூட்டில அவிச்சுத்தானே நிறம் எடுக்கிறாங்க, டோர்ச் காட்டினா என்ன எண்டு கன பேர் கேக்கிறாங்க. அது உலையில மெல்ல மெல்ல ஏத்தி மெல்ல மெல்ல இறக்கிற சூடு. பட்டறையில நீங்க ஒரு பக்கம் மட்டும் சுடுறீங்க, அதோட பத்தவைக்கேக்க போடுற வெங்காரம் உருகிக் கல்லில பட்டா நீலத்தையும் மாணிக்கத்தையும் மேல அரிச்சுவிடும். ரிப்பெயர் எண்டா கல்லைக் கழட்டிப்போட்டுத்தான் நெருப்பு.

கழட்டுறதுக்கும் முறை இருக்கு. மெல்லிய பிளேட்டைப் பல்லுக்கும் கல்லுக்கும் இடையில விட்டு நெம்பாதீங்க, அந்த நெம்பு முழுக்கக் கல்லின்ட இடுப்பிலதான் விழும். பல்லின்ட நுனியைப் பக்கத்தால பிடிச்சு வெளியால வளைச்சு எடுங்க, நாலையும் கொஞ்சம் கொஞ்சமா. கல்லு வெளியில வந்த உடனே ஒரு மூடியுள்ள டப்பாவில போட்டு, கஸ்டமர்ட பேரை எழுதி ஒட்டுங்க. ஒரு தரம் மடிச்சு நிமிர்த்தின பல்லை அதே மாதிரித் திரும்ப மடிச்சு விடுறது ஆபத்து, உலோகம் களைச்சிருக்கும், சூடாக்கி மெத்தாக்குங்க, தேய்ஞ்சிருந்தா நுனிக்குப் புது உலோகம் வைச்சுப் பத்தவையுங்க, பிறகு சீட்டைப் புதுசா மார்க்கர் போட்டுப் பாத்து வெட்டுங்க. வெள்ளவத்தை அக்காட மோதிரத்துக்கு நான் நாலு பல்லையும் அடியோட வெட்டிப்போட்டு 18 கரட்டில புதுக் கப் ஒண்டு செய்து வைச்சிருக்கிறன், அவ இன்னும் கல்லுத் தேடுறா, அதே நிறத்தில.